கற்கண்டு வெடிக்கும் நேரம்

வியார்ட் பொப்பிங்கா ஒரு கோப்பை எழுதிய கையோடு அழிக்கமாட்டார். "உட்காரட்டும்" என்பார், வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சொல்வதுபோல. இந்தக் காலத்துக் கணினியில் எழுதிய கோப்பு உட்கார நேரமெல்லாம் தேவையில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் எழுதுவார், காத்திருப்பார், பிறகுதான் அழிப்பார். அந்தக் காத்திருப்பில் ஒரு பெண்ணின் வேலை போயிற்று.

பழக்கம் பழையது. வடக்கு ஜெர்மனியின் லேர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் கணினி அறையில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது, தகவல் வட்டுகள் துணி துவைக்கும் மெஷின் அளவு இருந்தனவாம். எழுது என்றால் அவை கொஞ்சம் முனகிவிட்டுத்தான் எழுதும். ஒரு நாள் அவசரப்பட்டு எதையோ அழிக்கப் போய், கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலின் சரக்கு விவரம் முழுக்கப் போய்விட்டது. கப்பல் கரைசேர்ந்ததும் மாலுமிகள் மழையில் நின்று பெட்டிகளைக் கையால் எண்ணினார்கள். படகோட்டியின் மகனான வியார்ட் அதை வேடிக்கை பார்க்காமல் தானும் போய் நனைந்துகொண்டு எண்ணினார். அதன்பிறகு அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. தேவாலயத்தில் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்ட பாதிரியார், மாப்பிள்ளையின் பதிலுக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது என்று அவர் மனைவி கேஷே இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் அலுவலகம் துறைமுகப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. கோப்புகள் எங்கோ ஒரு பெரிய சர்வரில் இருக்கும். பத்து மேசைக்கு அப்பாலோ பக்கத்து ஊரிலோ இருப்பவர், அவை தன் கம்ப்யூட்டரிலேயே இருப்பதுபோல எடுத்து எழுதுவார், அழிப்பார். இடையில் நின்று அந்த மாயத்தைச் செய்யும் நிரலை உலகம் முழுக்க இருக்கிற பலர் சேர்ந்து, பொதுவில், எல்லோர் கண்முன்னும் எழுதுகிறார்கள். அதில் ஒரு மூலைக்கு நாங்கள் காவல். அந்த மூலையின் காவலர் என்று நிரலிலேயே எழுதியிருக்கும் பெயர் வியார்டுடையது. முதலாளி ஐலெர்ட் கூட அவரைக் கேட்காமல் எதையும் தொடமாட்டார். வாடிக்கையாளர்களின் தொலைபேசியை எடுப்பது என் வேலை. தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயந்து பயந்து நான் பேசும் ஜெர்மன், கோபமாக இருப்பவர்களைச் சாந்தப்படுத்துகிறது என்று ஐலெர்ட் கண்டுபிடித்திருந்தார்.

வியார்டின் மேசையில் எப்போதும் டீ இருக்கும். கோப்பையில் முதலில் ஒரு கற்கண்டுக் கட்டி. அதன்மேல் கொதிக்கிற டீ. கட்டி படக்கென்று வெடிக்கும். அதைக் காதை வைத்துக் கேட்பார். பிறகு கரண்டியின் முதுகு வழியாக ஓரத்தில் கொஞ்சம் க்ரீம். அது அடிக்குப் போய் மேகமாக எழும்பி வருவதைப் பார்ப்பார். கலக்கக் கூடாது. இந்த ஊரில் டீயைக் கலக்குவது சவ ஊர்வலத்தில் விசிலடிப்பதற்குச் சமம். ஒருவருக்கு மூன்று கோப்பை என்பது உரிமை. போதுமென்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும்; வைக்காதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். வந்த புதிதில் இந்தக் கரண்டி ரகசியம் தெரியாமல் நான் வயிறு ஊதி வீடு போயிருக்கிறேன்.

இம்கே சாத்ஹோஃப் குளிர்காலத்தில் வந்து சேர்ந்தாள். ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் டிட்சும் என்ற மீன்பிடி ஊர்க்காரி. விசைப்பலகையில் அவள் விரல்கள் போகும் வேகத்தில் நமக்குத்தான் மூச்சு வாங்கும். அதைவிட அதிர்ச்சி, அவள் காப்பி குடிப்பாள்.

"காப்பியா? லேர்ல உக்காந்துக்கிட்டா? உன் அப்பா அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார் வியார்ட் முதல் நாளே.

"தெரியும் வியார்ட். எனக்காகப் பாதிரியார்கிட்ட சொல்லி ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்காங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். எங்கள் அலுவலகத்தில் சின்னவர் பெரியவர் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான், பெயர்தான். ஆனாலும் இப்படிப் பதில் சொல்ல அதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அவளை வேலைக்கு எடுக்கச் சொன்னதே அவர்தான். முதல் அரை வருடம் தகுதிகாண் காலம். அது முடியும்போது ஐலெர்ட் வியார்டைப் பார்ப்பார். வியார்ட் தலையசைத்தால் வேலை நிரந்தரம். எல்லோருக்கும் தெரிந்த நடைமுறைதான்.

அந்தக் காலம் முடியப்போகிற நேரத்தில்தான் திருமதி டோடனின் அழைப்பு வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்னக் கப்பல் கம்பெனியில் சரக்குத் திட்டம் போடுகிறவர்.

"மொய்ன்" என்று இந்த ஊர் வணக்கத்தோடு ஆரம்பித்தார். "பழைய திட்டத்தை அழிச்சா போகமாட்டேங்குது. அது போனாத்தான புதுசு அந்த இடத்துல உக்காரும்? கேப்டன் பழசைப் படிச்சுட்டு என்னைப் பைத்தியக்காரியைப் பாக்குற மாதிரி பாக்குறாரு."

"எப்பலேர்ந்து?"

"உங்க புதுப் பதிப்பு போட்டதுலேர்ந்து. பழசுல தங்கமா இருந்துச்சு."

எங்கள் தொழிலில் இதைவிட மோசமான வாக்கியம் கிடையாது. புதிதாக ஒன்று வேலை செய்யவில்லை என்றால் மன்னிப்பு உண்டு. நேற்றுவரை வேலை செய்தது இன்று கெட்டால் மன்னிப்பு இல்லை. கெடுத்த திருத்தம் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் வெளியே போக வேண்டும். யார் எழுதியது என்பது பேச்சே இல்லை.

பழைய பதிப்புக்கும் புதியதற்கும் நடுவில் ஒரு நீண்ட வரிசையில் திருத்தங்கள் நின்றன. வரிசையின் ஆரம்பத்தில் ஒன்று வியார்டுடையது. பல வருட ஆசை அது. ஒரு நிரல் கோப்பை மூடியதும் நாமும் கையை விட்டுவிட வேண்டுமா? பெரும்பாலும் உடனே திரும்பி வந்து அதையே கேட்கிறார்களே, கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருந்தால் சர்வர்வரை மறுபடி போய்வரும் அலைச்சல் மிச்சம்தானே? உலகத்து ஆட்கள் மின்னஞ்சலில் கூடும் மடற்குழுவில் இதை வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டு, முந்தின இலையுதிர்காலத்தில்தான் ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் எங்களுக்கெல்லாம் நான்காவது கோப்பை ஊற்றினார். வரிசையின் கடைசியில் நின்றது இம்கேயின் முதல் திருத்தம். கோப்பை அழிக்கப் போகும்போது சர்வர் 'வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள்' என்று சொன்னால் என்ன பதில் தருவது என்பதைப் பற்றியது.

குற்றவாளியைத் தேட ஒரு முறை இருக்கிறது. வரிசையின் நடுவில் போய் நின்று சோதிப்பது. நல்லதாக இருந்தால் குற்றம் பின்பாதியில், கெட்டிருந்தால் முன்பாதியில். மறுபடி அந்தப் பாதியின் நடு. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒன்று மிஞ்சும். மெஷினே தனியாகச் செய்துவிடும் வேலைதான். ஆனால் திருமதி டோடனிடம் இருந்தது பழைய மாடல் சர்வர். எங்கள் தானியங்கிச் சோதனைகளுக்கு அதோடு பேசத் தெரியாது. ஐலெர்ட் எங்கிருந்தோ அதேபோல் ஒன்றைத் தூசியோடு வாங்கிவந்தார். அதை வியார்ட் தன் மேசையில், டீ கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையாலேயே சோதித்தார்.

ஒவ்வொரு முறையும் நிரலைக் கட்டுவார், மெஷினை எழுப்புவார், ஒரு கோப்பை எழுதி மூடுவார். உட்காரட்டும். கற்கண்டு, டீ, படக்கென்ற சத்தம், க்ரீம், மேகம், ஒரு வாய். பிறகு அழிப்பார். அழிந்தது. நல்லது. அடுத்த பாதி. அழிந்தது. நல்லது. அடுத்த பாதி.

எல்லோரும் நல்லவர்கள் என்று வந்தால், வரிசையில் கடைசியாக நிற்பவர் மாட்டிக்கொள்வார். இந்த முறையின் கணக்கு அப்படி. 'எல்லாம் நல்லதுன்னு வந்தா தேடலை நம்பாதீங்க. முதல்ல கெட்டதை உங்க கண்ணால ஒரு தடவை பாருங்க' என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே வியார்ட்தான். ஆனால் கடைசியில் நின்ற திருத்தத்தின் தலைப்பில் அழிப்பு என்ற சொல்லே இருந்தது. அதற்குமேல் என்ன பார்க்க இருக்கிறது? அதை எடுத்துவிட்டு ஒரு முறை சோதித்தார். கற்கண்டு வெடித்தது. கோப்பு அழிந்தது.

"இம்கே, கொஞ்சம் இங்க வா பொண்ணே. உன்னோடதுதான்."

அவள் காப்பிக் குவளையோடு வந்தாள். "இல்ல வியார்ட். என்னோடதை எடுத்துட்டு இங்கயே ஓட்டிப் பாத்தேன். நீ சாப்பிடப் போயிருந்தே. அப்பவும் வருது."

"எங்க, காட்டு."

உட்கார்ந்தாள். படபடவென்று தட்டினாள். எழுது, மூடு, அழி. அழிக்க முடியவில்லை என்று திரை சொன்னது. "பாரு!"

"நீ ஓட்டுற ஓட்டத்துக்கு எதுவும் தடுக்கித்தான் விழும். தள்ளு."

அவர் உட்கார்ந்தார். எழுதினார். மூடினார். டீ ஊற்றினார். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று, கற்கண்டு வெடிப்பதையும் மேகம் எழும்புவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு அழித்தார். அழிந்தது.

"பாத்தியா?"

"அப்ப நான் பண்ணப்ப வந்தது?"

"அது வேற ஏதோ. ஒரு நேரத்துல ஒரு பிரச்சனை."

"டீ குடிச்சா சரியாப் போற பிரச்சனைன்னா, திருமதி டோடனுக்கு ஒரு கெட்டில் அனுப்பி வச்சுரலாமே?"

அறையே சிரித்தது. வியார்ட் சிரிக்கவில்லை. ஆளைக் கிண்டல் செய்தால் பொறுத்துக்கொள்வார். வேலை செய்கிற விதத்தைக் கிண்டல் செய்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்று பிற்பகல் இம்கேயின் திருத்தத்தை நீக்கி, ஏன் நீக்குகிறோம் என்று வழக்கப்படி மடற்குழுவுக்கு எழுதினார். 'இம்கே சாத்ஹோஃபின் திருத்தம் அழிப்பைக் கெடுக்கிறது' என்பது முதல் வாக்கியம். அது போதும். இரண்டாவதாக ஒன்று எழுதினார்: 'எழுதியவர் இதைப் பழைய சர்வரில் சோதித்துப் பார்க்கவில்லை.' ஏன் எழுதினார் என்று பின்னாளில் கேட்டபோது, கெட்டில்தான் காரணம் என்றார்.

நீக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டால் அந்த இரண்டு வாக்கியமும் நிரலின் வரலாற்றோடு ஒட்டிக்கொள்ளும். உலகத்தில் அந்த நிரலின் பிரதி இருக்கிற இடத்திலெல்லாம் அவையும் இருக்கும்.

ஐலெர்ட் கேட்டபோது வியார்ட் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "இன்னும் கொஞ்சம் பக்குவப்படணும்" என்றார். இம்கே அதற்குள் தானே விலகல் கடிதம் கொடுத்துவிட்டாள். போகிறவர்தான் கேக் கொண்டுவர வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஆப்பிள் கேக் சுட்டுக் கொண்டுவந்தாள். வியார்ட் இரண்டு துண்டு சாப்பிட்டு, "நல்லா வந்திருக்கு" என்றார். "அதைச் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டுவந்தேன்" என்றாள் அவள்.

இலையுதிர்காலம் வந்தது. திருமதி டோடனும் மறுபடி தொலைபேசியில் வந்தார்.

"மொய்ன். சரி பண்ணிட்டோம்னு சொன்னீங்களே, எதைப் பண்ணினீங்க?"

வியார்ட் தன் மேசையில் சோதித்தார். அழிந்தது. மறுபடி சோதித்தார். அழிந்தது. "அந்தம்மா என்ன பண்றாங்கன்னு போய்ப் பாத்துட்டு வந்துரலாம். நீயும் வா, உன்கிட்ட அவங்க கத்தமாட்டாங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டி நடந்தார்.

திருமதி டோடன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். "உக்காருங்க திரு. பொப்பிங்கா. டீ கேக்காதீங்க. கப்பல் கிளம்புது, தண்ணி வடியறதுக்குள்ள வெளியே போகணும். என் தலைக்குமேல கேப்டன் நிக்கிறாரு, உங்க தலைக்குமேல நான் நிக்கிறேன்."

வியார்ட் கோப்பை எழுதி மூடினார். கை பழக்கத்தில் வலது பக்கமாகப் போயிற்று. அங்கே கெட்டில் இல்லை. ஒரு கோந்து டப்பா இருந்தது.

"ம், அழிங்க, அழிங்க!" என்றார் திருமதி டோடன் பின்னாலிருந்து.

அழித்தார். அழிக்க முடியவில்லை என்று திரை சொன்னது.

வியார்ட் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். மறுபடி எழுதி, மூடி, உடனே அழித்தார். முடியவில்லை. மூன்றாவது முறை எழுதி மூடிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியே கப்பலின் மூக்கு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"தூங்கிட்டீங்களா?" என்றார் திருமதி டோடன்.

அவர் திரும்பி அழித்தார். கோப்பு போய்விட்டது.

யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நிரல் கோப்பை மூடிய பிறகும் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கை அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்துக்குள் அழிக்கச் சொன்னால் 'யாரோ பிடித்திருக்கிறார்கள்' என்று பழைய சர்வர் மறுக்கிறது. புது சர்வர்கள் பெருந்தன்மையாக விட்டுவிடும். பிடித்திருப்பது நாமேதான், அழிப்பதற்கு முன் நம் கையை எடுக்க வேண்டும் என்று வியார்டின் திருத்தத்தில் எழுத விட்டுப்போயிருக்கிறது. அந்தக் 'கொஞ்ச நேரம்' ஒரு கற்கண்டு வெடித்து மேகம் எழும்புகிற நேரத்தைவிடக் குறைவு.

பாலத்தில் திரும்பி வரும்போது அவர் சொன்னது ஒன்றுதான். "அவ சொன்னா. கெட்டில்னே சொன்னா."

இந்த முறை கை படாமல் மெஷினே எழுதி, மூடி, உடனே அழிக்கிற மாதிரி பழைய சர்வருக்கென்று ஒரு சோதனையைக் கட்டினார். அதை வரிசையின்மேல் ஓடவிட்டார். அது முன்பாதிக்குப் போயிற்று, அதில் முன்பாதிக்குப் போயிற்று, கடைசியில் அவருடைய திருத்தத்தில் வந்து நின்றது. அன்று கெட்டிலில் டீ ஆறிப்போய்க் கறுத்துக் கிடந்தது.

ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும் என்று ஐலெர்ட் கெஞ்சினார். "எத்தனை வருஷத்து வேலை வியார்ட்! ஒரு வரி!"

"அவளோடதுல ஒரு வரி தப்பா இருந்தா, சரி பண்ணிக்கோன்னு அவளுக்கு நேரம் குடுத்தமா?"

முழுவதையும் எடுத்துவிட்டார். இம்கேயுடையதை இருந்த இடத்தில் திரும்ப வைத்தார். 'கோளாறு என்னுடையது. நான் சோதித்த விதம் அதை மறைத்தது. இம்கே சாத்ஹோஃப் சோதித்திருந்தார். அவர் சொன்னது சரி' என்று மடற்குழுவுக்கு எழுதினார். பிறகு வேறொரு நாட்டில் யாரோ வியார்டின் யோசனையை எடுத்து, விட்டுப்போன வரியையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அது நன்றாக ஓடுகிறது. அதில் அவர் பெயர் இல்லை.

இம்கேயைப் பார்க்கப் போக வேண்டும் என்று அவர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு ஒரு சனிக்கிழமை என்னைக் கார் எடுக்கச் சொன்னார். அவள் டிட்சுமிலேயே கடற்கரைக் காப்பு வாரியத்தில் மதகுக் காவலாகச் சேர்ந்திருந்தாள். கடல் உள்வாங்கும்போது மதகைத் திறந்து வயல் தண்ணீரை வெளியே விட வேண்டும், ஏறும்போது மூட வேண்டும். மதகு வீட்டில் ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தாள். மேசையில் டீ.

"நீயும் மாறிட்டியா?" என்றார் வியார்ட்.

"இங்க காப்பி மெஷின் கிடையாது. உக்காரு."

கற்கண்டு போட்டாள், ஊற்றினாள். அது வெடித்த சத்தத்தில் வியார்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் கோப்பை வானிலைப் பேச்சில் போயிற்று. இரண்டாவதில் அவர் தொண்டையைச் செருமினார்.

"நான் எழுதினதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஐலெர்ட் நாற்காலியைக் காலியாத்தான் வச்சிருக்கான். வந்துரு."

அவள் ஜன்னல் வழியாகத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாள். "பிரேமன்ல ஒரு இடத்துக்கு நேர்முகத்துக்குப் போயிருந்தேன். லேரை விட்டு வந்தப்பறம். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. அப்ப ஒருத்தர் என் பேரைத் தேடிப் பாத்தாரு. சோதிச்சுப் பாக்கலன்னு போட்டிருக்குதேன்னாரு. சோதிச்சேன்னு சொன்னேன். எங்கன்னு கேட்டாரு." திரும்பி அவரைப் பார்த்தாள். "அப்படி எழுதினவரோட மேசையிலயேன்னு சொன்னேன். சிரிச்சாங்க."

வியார்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த ரெண்டாவது வாக்கியத்தை மட்டும் எடுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியாது. உனக்கே தெரியும். அதுக்குப் பின்னால எழுதலாம். அதை எடுக்க முடியாது."

"தெரியும். கேட்டுப் பாத்தேன்."

"நான் பின்னால எழுதினதைக் காட்டினா—"

"அதைத் தேடிக் காட்டுறதுக்கு என்னை யாராவது மறுபடி உள்ள கூப்பிடணுமே வியார்ட்." கோபமாகச் சொல்லவில்லை. "கூப்பிடுற இடத்துக்குப் போக எனக்கும் இப்ப இஷ்டமில்ல. இங்க தண்ணி இறங்குச்சுன்னா இறங்குச்சு. எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியுது."

அவள் தன் கோப்பையில் க்ரீமை விட்டாள். பிறகு கரண்டியை எடுத்துக் கலக்கினாள், கடகடவென்று, ஒரு சுற்றுக்கு மேல். நான் வியார்டைப் பார்த்தேன். அவர் தன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

சுவரில் ஒரு மணி அடித்தது. "திறக்கணும். நீங்க இருந்து மூணாவதைக் குடிச்சுட்டுப் போங்க" என்று அவள் எழுந்து வெளியே போனாள். மதகுக் கதவு முனகுவதும் தண்ணீர் ஓடத் தொடங்குவதும் கேட்டது. கெட்டில் சூடாக இருந்தது. வியார்ட் கரண்டியை எடுத்துத் தன் கோப்பைக்குள் வைத்தார். இரண்டோடு அவர் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் லேர் பாலம் ஒரு படகுக்காகத் தூக்கியிருந்தது. வரிசையில் நின்றோம்.

"கலக்கிட்டா, பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"நான் ஒண்ணும் சொல்லல."

படகு போயிற்று, பாலம் இறங்கியது. பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தபோதுதான் வழி திறந்துவிட்டது எனக்குத் தெரிந்தது.